ஓரத்தில் விட்ட கோடுகள்

எதிரே அமர்ந்திருப்பவர் மடியில் விரித்து வைத்திருக்கும் செய்தித்தாளைத் தலைகீழாகவே படித்து முடித்துவிடும் பழக்கம் மேப்பம்மாவுக்கு உண்டு. பேருந்திலும், மருத்துவரைப் பார்க்கக் காத்திருக்கும் வரிசையிலும், வங்கியின் முகப்பிலும் அவர் கண் தானாகவே எதிர்ப்பக்கத்து எழுத்துகளின்மேல் போய் அமர்ந்துகொள்ளும். பிறர் விஷயத்தை வேவு பார்ப்பவர் அல்லர் அவர். குடிநீர் வாரியத்தின் வரைபட அறையில், பெரிய மேஜை ஒன்றின் ஒரு பக்கத்தில் அவரும் மறுபக்கத்தில் இன்னொருவரும் ஆண்டுக்கணக்கில் எதிரெதிராக அமர்ந்து ஒரே தாளைப் பார்த்ததில் கண்ணில் படிந்துபோன பழக்கம் அது.

வருகைப்பதிவில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. ஆனால் தெருவைத் தோண்டுவதற்கு முன்னால் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று கேட்டு வருபவர்களையெல்லாம், "மேப்பம்மாகிட்டப் போங்க" என்று அனுப்பி அனுப்பி அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. யாருக்கும் அம்மாவாகாமலேயே அலுவலகம் முழுவதற்கும் அம்மாவாகிவிட்டவர் அவர். அதில் அவருக்கு வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதற்கு ஏதாவது ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான்.

வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. ஓர் அறை, ஒரு கூடம், ஒருவர் நின்றால் இன்னொருவர் நுழைய முடியாத சமையலறை. இன்னொருவர் நுழைய வேண்டிய தேவை அவருடைய தாயார் மறைந்த பிறகு ஏற்படவில்லை. தாயார் படுத்திருந்த கட்டிலின்மேல் இப்போது துவைத்த துணிகள் மடிப்பதற்காகக் காத்துக் கிடந்தன. சமைத்ததை மறுநாளைக்கும் வைத்துக்கொள்வார். கதவைப் பூட்டிவிட்டுப் படியிறங்கும்போது, "போயிட்டு வரேன்" என்று சொல்லும் வழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. இதைப் பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை கேட்டுவிட்டு, உள்ளே விருந்தாளி வந்திருப்பதாக எண்ணிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி தொலைபேசியில் அழைப்பான். ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருந்தபடியால் பேச்சு எப்போதும் ஒரே இடத்தில் போய் நின்றது.

"ரிட்டயர் ஆனதும் இங்க வந்துடு அக்கா. பிள்ளைங்க ரூமை ஒழிச்சுத் தரேன்."

"பிள்ளைங்க எங்கடா போவாங்க?"

"ஹால்ல படுத்துப்பாங்க."

"ஹால்ல படுக்கிறதுக்கு அவங்க ஏன் கஷ்டப்படணும்? நான் இங்கேயே என் ஹால்ல படுத்துக்கறேன்."

அவன் சிரிப்பான். அவரும் சிரிப்பார். பிறகு அவன் மனைவி, "நல்லா இருக்கீங்களா அண்ணி?" என்று கேட்பாள். பேச்சு அத்துடன் முடிந்துவிடும்.

அந்த ஆண்டில்தான் வாரியம் புதிய வரைபட மென்பொருளை வாங்கியது. ஊரின் குழாய்கள், வால்வுகள், தொட்டிகள் அனைத்தும் அதுவரை ஒரே ஒரு பழைய கணினிக்குள் இருந்தன. அலுவலகத்தில் அதற்குக் 'கிழவர்' என்று பெயர். கிழவரை அணைத்தால் மீண்டும் எழுந்திருப்பாரா என்பது யாருக்கும் நிச்சயமாகத் தெரியாததால், விடுமுறை நாள்களிலும் அவர் முனகிக்கொண்டே விழித்திருந்தார். கறுப்புத் திரை, பச்சைக் கோடுகள். ஒரு நேரத்தில் ஒரு தாளை மட்டுமே காட்டுவார். பக்கத்துத் தாளைப் பார்க்க வேண்டுமானால் முதல் தாளை மூட வேண்டும். அந்தக் கோப்புகளையெல்லாம் புதிய மென்பொருளுக்கு மாற்றிக் கொடுப்பதற்காக ஒரு கம்பெனி ஓர் இளம்பெண்ணை அனுப்பியிருந்தது. மடிக்கணினியும் தண்ணீர்ப் புட்டியுமாக வந்த அவள், மேப்பம்மாவின் மேஜைக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்துக்கொண்டாள். கெட்டிக்காரி, மரியாதையானவள். காதுகளில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு வேலை செய்வாள் என்பதைத் தவிர அவளைப் பற்றி மேப்பம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் ஓர் ஆள் இருந்தும் பேச்சுத்துணை இல்லையே என்று சில சமயம் தோன்றும்.

கோப்புகள் ஒவ்வொன்றாக மாறின. கிழவருக்குள் துண்டு துண்டாகக் கிடந்த ஊர், வானிலிருந்து எடுத்த புகைப்படத்தின்மேல் முதன்முறையாக ஒன்றாக வந்து படிந்தது. கூரைகளுக்கும் மரங்களுக்கும் இடையே தாம் வரைந்த கோடுகள் ஓடுவதை மேப்பம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பெண் சோதனை ஒன்றைத் தொடங்கினாள். ஓரிடத்தில் குழாய் உடைந்ததாக வைத்துக்கொண்டால், தண்ணீர் எவ்வழியே வருகிறது, எந்தெந்த வால்வுகளை மூட வேண்டும் என்பதை மென்பொருளே தேடிச் சொல்ல வேண்டும். புதிய மென்பொருளை வாங்கியதே அதற்காகத்தான். தேடல் கொஞ்ச தூரம் ஓடியது, நின்றது. வேறொரு தெருவில் தொடங்கினாள். அங்கும் கொஞ்ச தூரம் ஓடி நின்றது. நின்ற இடங்களையெல்லாம் சிவப்புப் புள்ளிகளாகக் காட்டச் சொன்னதும், ஊரின்மேல் கம்பி போட்ட ஜன்னலை வைத்ததுபோல் புள்ளிகள் வரிசை வரிசையாக எழுந்தன.

காதுகளிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டு அவள் கூப்பிட்டாள். "இங்க வாங்கம்மா. உடைஞ்ச இடமெல்லாம் நேர்கோட்டுல இருக்கு. குழாய் இப்படியா உடையும்?"

பார்த்த மாத்திரத்தில் மேப்பம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவை தாள்களின் ஓரங்கள். காகிதத்தில் இருந்த வரைபடத்தைக் கணினிக்கு ஏற்றியபோது, ஊரைப் பெரிய சாலைகளின் வழியே தாள்களாகப் பிரித்திருந்தார்கள். அடுத்தடுத்த இரண்டு தாள்களை அந்தப் பெரிய மேஜையில் ஒட்டி, குறுக்குக்கோடு பொறித்த கண்ணாடிக் கருவியை நகர்த்தி, குழாயின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு முறை அழுத்த வேண்டும். இந்தப் பக்கத்துத் தாள் அவருடையது. அந்தப் பக்கத்துத் தாள் எதிரே இருந்தவருடையது. அவரை மேப்பம்மா நேரில் 'சார்' என்பார். மனத்துக்குள் 'எதிர்ப்பக்கத்தார்' என்றே வைத்திருந்தார். ஓரத்தை எட்டியதும் கோட்டை அடுத்த தாளின் கோட்டோடு சேர்த்து முடிக்க வேண்டும். இருவரில் யார் சேர்ப்பது என்று யாரும் சொல்லவில்லை. அடுத்தவருடைய தாளுக்குள் கையை நீட்டுவது மரியாதையாக இருக்காது என்று மேப்பம்மா ஒரு மயிரிழை முன்னாலேயே நிறுத்திக்கொண்டார். வாசற்படியில் எதிர்ப்பட்ட இருவர், "நீங்கள் முதலில்" என்று சொல்லிக்கொண்டு நிற்பதுபோல, எதிர்ப்பக்கத்தாரும் அப்படியே நிறுத்தியிருக்கிறார் என்பது இப்போது, இத்தனை ஆண்டுகள் கழித்துத் திரையில் தெரிந்தது. ஒரு தாளை மட்டும் காட்டும் கிழவருக்கு இடைவெளி எங்கே தெரியப்போகிறது?

"இவ்வளவுதானா? தானா ஒட்டுற கட்டளை ஒண்ணு இருக்கும்மா. ஒரே அழுத்துதான்" என்றாள் அந்தப் பெண்.

அழுத்த வேண்டாம் என்று மேப்பம்மா அவசரமாகத் தடுத்தார். ஊருக்கு இரண்டு தொட்டிகள். மேட்டிலுள்ள மேல்தொட்டியின் அழுத்தத்தைப் பள்ளத்துத் தெருக்களின் பழைய குழாய்கள் தாங்கமாட்டா. ஆகவே மேல்தொட்டி, கீழ்த்தொட்டி வட்டாரங்கள் இரண்டும் சந்திக்கும் பெரிய சாலைகளில் சில குழாய்களை மூடி போட்டு அடைத்திருந்தார்கள். அதைக் காட்டும் குறி கிழவரிடம் இல்லாததால், அங்கெல்லாம் வேண்டுமென்றே கோட்டை நிறுத்தி இடைவெளி விட்டார்கள். மரியாதைக்காக விட்ட இடைவெளியும் உண்மையான இடைவெளியும் அதே சாலைகளில், பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருந்தன. எல்லாவற்றையும் ஒட்டினால், வரைபடத்தை நம்பி எவனாவது ஒருவன் ஓர் அடைப்பைத் திறந்துவிடுவான். பள்ளத்துத் தெருக்கள் வெடிக்கும். ஒன்றையும் ஒட்டாவிட்டால், குழாய் உடையும் நாளில் மென்பொருள் பாதி வால்வுகளைச் சொல்லாமல் விட்டுவிடும்.

செயற்பொறியாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சாலைகளை முழுவதும் தோண்டிப் பார்க்க முடியாது. வெள்ளிக்கிழமை கிழவரை அணைத்துவிட்டுப் புதிய வரைபடத்தை இனித் திருத்த முடியாதபடி பூட்டுவதாக மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அதற்குள் தெரிந்தால் தெரிந்தபடி. தெரியாவிட்டால் ஒட்டிவிட வேண்டியதுதான் என்றார். எது உண்மையான அடைப்பு என்பது யாருக்காவது தெரியுமா என்று அவர் கேட்டார்.

தெரிந்தவர் ஒருவர் இருந்தார். எதிர்ப்பக்கத்தார் மேஜைக்கு வருவதற்கு முன்பு களத்தில் இருந்தவர். பல அடைப்புகளைப் போடும்போது பள்ளத்துக்குள் நின்றவர். ஓய்வு பெற்று இதே ஊரின் மறுகோடியில் இருந்தார். அவரை ஒரு தொலைபேசி அழைப்பில் பிடித்துவிடலாம். அந்த ஓர் அழைப்பைத்தான் மேப்பம்மா எட்டு ஆண்டுகளாகச் செய்யாமல் இருந்தார்.

சண்டை ஒன்றும் இல்லை. அவருக்கு அலுவலகத்தில் விடைகொடுத்த நாளன்று மேப்பம்மா வரவில்லை, அவ்வளவுதான். முந்தைய நாள்தான் தாயாரை மருத்துவமனையில் சேர்த்திருந்தார். மறுநாள் அழைத்துச் சொல்லலாம் என்று நினைத்தார். அது அடுத்த வாரமாயிற்று. தாயார் வீடு திரும்பிப் படுத்த படுக்கையான பிறகு, இவ்வளவு நாள் கழித்து எந்த முகத்தோடு பேசுவது என்றாயிற்று. சேர்ந்து வேலை பார்த்த காலத்தில் அவர்கள் தாள், குழாய், மழை ஆகியவற்றைத் தவிர வேறு எதையும் பேசியவர்களும் அல்லர். ஆனால் மேப்பம்மாவின் பென்சில் உருளும்போதெல்லாம் எதிர்ப்பக்கத்துக் கையொன்று அதைத் தடுத்து நிறுத்தி, கூர்முனை தன் பக்கம் இருக்கும்படி திருப்பி நீட்டியதுண்டு. அதற்கு நன்றி சொன்னதாகவும் அவருக்கு நினைவில்லை.

ஓய்வூதியப் பிரிவில் எண்ணை வாங்கிக்கொண்டு வந்தும் அந்தக் காலைப்பொழுது முழுவதும் அதைக் கையிலேயே வைத்திருந்தார். கம்பெனிப் பெண் காதுக் கருவியைக் கழற்றாமலேயே இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். கடைசியில் அழைத்தபோது எடுத்தது ஒரு பெண் குரல். அவருடைய அக்காவின் மகளாம். மாமா தங்களோடுதான் இருக்கிறார் என்றாள்.

"மாமாவுக்குக் காது மந்தமாயிடுச்சுங்க. போன்ல பேசினா எல்லாத்துக்கும் சரி சரின்னுவார். எதுக்குச் சரின்னார்னு அவருக்கே தெரியாது. நேர்ல வந்துடுங்களேன்."

புதன்கிழமை பிற்பகலில், ஓரங்களை மட்டும் பெரிதாக அச்சிட்டு எடுத்துக்கொண்டு, இரண்டு பேருந்துகள் மாறிப் போனார். குறுகிய சந்து, சைக்கிள் நிறுத்திய நடைவழி, படியேறினால் வெளிச்சமான ஒரு கூடம். எதிர்ப்பக்கத்தார் மெலிந்திருந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தவர், வியப்பைக் காட்டிக்கொள்ளாமல், "வாங்க, மழை வந்துச்சா?" என்று கேட்டார். வரவில்லை என்று மேப்பம்மா தலையசைத்தார். அத்துடன் எட்டு ஆண்டுகளையும் கடந்தாகிவிட்டது.

அக்கா மகள், பேசுவது காதில் விழட்டும் என்று சாப்பாட்டு மேஜையில் அவருக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். மேப்பம்மாவோ தம்மை அறியாமல் சுற்றிப் போய் எதிரே அமர்ந்தார். உதடு அசைவதைப் பார்த்தால் தமக்குப் பாதி புரிந்துவிடும் என்றும், அதுவே நல்லது என்றும் எதிர்ப்பக்கத்தார் சொன்னார். அச்சுத்தாளை அவர் பார்ப்பதற்கு நேராக மேப்பம்மா திருப்பி வைத்தார். அவர் அதை எடுத்து மேப்பம்மாவுக்கு நேராகத் திருப்பினார். மீண்டும் இவர் திருப்பினார். கடைசியில் தாள் யாருக்கும் நேராக இல்லாமல் குறுக்காகக் கிடந்தது. இருவருக்கும் அது ஒரு தடையாக இல்லை.

மேப்பம்மா விஷயத்தை விளக்கினார். சேர்க்க வேண்டியதற்குச் சிவப்பு, உண்மையான அடைப்புக்கு நீலம் என்று இரண்டு பென்சில்களை நடுவில் வைத்தார். எதிர்ப்பக்கத்தார் முதல் இடைவெளியின்மேல் விரலை வைத்தார்.

"இது உங்களுக்காக விட்டது."

அடுத்த இடைவெளி.

"இதுவும் உங்களுக்குத்தான் விட்டேன். நீங்க ஏன் சேர்க்கல?"

"உங்க தாளாச்சே சார். நீங்க சேர்ப்பீங்கன்னு விட்டேன்."

அவர் தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். தோள்கள் குலுங்கத் தொடங்கின. சிரிக்கிறார் என்று புரிய மேப்பம்மாவுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"நான் சேர்ப்பேன்னு நீங்க, நீங்க சேர்ப்பீங்கன்னு நான். நல்லவேளை, தண்ணி நம்மளைக் கேட்டுக்கிட்டு ஓடல."

சிவப்பு வட்டங்கள் பெருகின. நடுநடுவே அவர் விரல் நிற்கும், கண்ணை மூடிக்கொள்வார், பிறகு நீலப் பென்சிலை எடுப்பார். இங்கே மூடி போட்டது தாம்தான் என்பார். அன்று பள்ளத்தில் தம் செருப்பு ஒன்று புதைந்துபோனதையும் சொல்வார். செருப்புக்கும் குறி போட வேண்டுமா என்று மேப்பம்மா கேட்டார். அக்கா மகள் உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, மாமா இவ்வளவு பேசித் தான் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஓர் இடத்தில் அவர் விரல் நின்றது. ஆனால் எந்தப் பென்சிலையும் எடுக்கவில்லை. பழைய பொது மருத்துவமனைத் தெரு. வரைபடத்தின்படி அது கீழ்த்தொட்டியின் வட்டாரம். சாலையைக் கடந்தால் மேல்தொட்டியின் பெரிய குழாய். இரண்டுக்கும் நடுவே இடைவெளி.

"இது தெரியல. நான் போட்ட அடைப்பு இல்ல. எனக்கு முன்னாடி யாராவது போட்டிருக்கலாம், போடாமலும் இருந்திருக்கலாம். தோண்டித்தான் பார்க்கணும்."

மேப்பம்மா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, உதடுகள் நன்றாகத் தெரியும்படி, மெதுவாகச் சொன்னார்.

"அங்க ஒரு நாள் தண்ணி வரல சார். காலைலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் ஒரு குழாயிலயும் வரல. அம்மாவைத் துடைச்சுவிடக்கூட இல்லாம, வெளியில லாரிகிட்ட நின்னு வாளியில பிடிச்சு மூணு மாடி தூக்கினேன்."

"என்னைக்கு?"

"உங்களை வழியனுப்பின அன்னைக்கு."

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

"அன்னைக்குக் கீழ்த்தொட்டி நிறைஞ்சு கிடந்துச்சு. மேல்தொட்டியில பழுதுபார்க்கணும்னு பெரிய வால்வை மூடச் சொன்னாங்க. கடைசி நாள், நானே மூடிட்டு வரேன்னு போனேன். மூடிட்டு வந்துதான் கூட்டத்துல உக்காந்தேன்." கண்ணாடியை மேஜைமேல் வைத்தார். "உங்க நாற்காலி காலியா இருந்துச்சு. ஏதோ கோபம்னு நினைச்சுக்கிட்டேன்."

"கோபமெல்லாம் இல்ல சார்."

"வாளி தூக்கவெச்சது நான்தானா?"

"தெரிஞ்சிருந்தா அன்னைக்கே வந்து சண்டை போட்டிருப்பேன்" என்றார் மேப்பம்மா. சொன்ன பிறகுதான், அப்படி வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

அவர் சிவப்புப் பென்சிலை எடுத்து, மருத்துவமனைத் தெருவின்மேல் வட்டத்தை மெதுவாகப் போட்டார். மேல்தொட்டியை மூடியதும் அங்கே தண்ணீர் நின்றிருக்கிறது என்றால், அந்தத் தெரு மேல்தொட்டியோடுதான் சேர்ந்திருக்கிறது. கீழ்த்தொட்டிப் பக்கத்து இடைவெளிதான் உண்மையான அடைப்பு, அதற்கு நீலம். தோண்ட வேண்டியதே இல்லை. அதன் பிறகு எஞ்சியிருந்தவை எளியவை. வெயில் ஜன்னலைத் தாண்டுவதற்குள் தாள் முழுவதும் முடிந்துவிட்டது.

மேப்பம்மா படியிறங்கும்போது எதிர்ப்பக்கத்தார் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலேயே நின்றார். "ஏதாவது விட்டுப்போயிருந்தா வாங்க" என்றார். வருகிறேன் என்று மேப்பம்மா சொன்னார். உதடு அசைந்ததை அவர் பார்த்தாரா என்பது தெரியவில்லை; வெளிச்சம் இவருக்குப் பின்னால் இருந்தது.

வியாழக்கிழமை முழுவதும் மேப்பம்மா ஒவ்வோர் இடைவெளியாகச் சேர்த்தார். தானாக ஒட்டும் கட்டளையைப் பயன்படுத்தவில்லை. நீல வட்டங்களுக்குப் புதிய மென்பொருளில் அடைப்பு என்றே ஒரு குறி இருந்தது, அதைப் பதித்தார். கம்பெனிப் பெண் ஒவ்வொன்றையும் சரிபார்த்தாள். நடுவில் ஒருமுறை, "யாருமா அந்த சார்? எல்லாம் கரெக்டா ஞாபகம் வெச்சிருக்காரே" என்று கேட்டாள். எதிரே உட்கார்ந்திருந்தவர் என்று மேப்பம்மா சொன்னார். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை செயற்பொறியாளர் உட்பட எல்லாரும் திரையின்முன் கூடினார்கள். மருத்துவமனைத் தெருவில் குழாய் உடைந்ததாக வைத்துத் தேடலைத் தொடங்கினார்கள். அது சாலையைக் கடந்து, மேட்டில் ஏறி, மேல்தொட்டியின் பெரிய வால்வில் போய் நின்றது. நிற்க வேண்டிய இடம் அதுதான். பிறகு பிழைப்பட்டியலைத் திறந்தார்கள். அதில் ஒரு வரிகூட இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள். யாரோ போய்க் கிழவரை அணைத்தார்கள். அத்தனை ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த முனகல் நின்றதும், அறைக்குள் ஒரு மின்விசிறி சுற்றுவது புதிதாகக் கேட்டது.

கூட்டம் கலைந்தது. கம்பெனிப் பெண் கம்பிகளைச் சுருட்டிப் பையில் வைக்கத் தொடங்கினாள். மேப்பம்மா திரையின்முன் அமர்ந்து ஊரை இப்படியும் அப்படியுமாக நகர்த்திப் பார்த்தார். மேட்டிலிருந்து பள்ளம்வரை ஒரே பரப்பாக அது ஓடியது. தாள்கள் இல்லை, அதனால் ஓரங்களும் இல்லை. ஊரின் மறுகோடியில் அந்தக் குறுகிய சந்து இருந்த இடத்தைப் பெரிதாக்கினார். கூரையும், அதன் நிழலும், வாசல்வரை செல்லும் ஒரு மெல்லிய நீலக் கோடும் தெரிந்தன. கோடு முழுமையாக இருந்தது.

"அந்தப் பட்டியலை இன்னொரு தடவை ஓட்டிப் பாரேன்மா" என்றார்.

"அதான் சுத்தமா இருக்கேம்மா. ஏன், ஏதாவது சந்தேகமா?"

"சும்மாதான். ஏதாவது விட்டுப்போயிருக்கான்னு."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே குனிந்து பொத்தானை அழுத்தினாள். திரையின் நடுவில் சிறு வட்டம் சுழன்றது. ஊர் பெரியது, நேரம் பிடித்தது. மேப்பம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வட்டம் நின்றது. பட்டியல் வெறுமையாகவே வந்தது.